சென்னையில் பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியிருக்கிறேன். ரீமேப், எக்ஸாஸ்ட், லோயரிங் – எதில் ஆரம்பிப்பது?

2014 மாடல், 72,000 கிலோமீட்டர், டிஎஸ்ஜி கியர்பாக்ஸ், தினமும் வேளச்சேரியிலிருந்து கிண்டி வழியாக ஆபீஸ், கையில் ஒரு லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் மூன்று மாதம் பவர் பக்கமே போகாதீர்கள். அந்த லட்சத்தில் ஒரு பெரிய பங்கு முந்தைய ஓனர் தள்ளிப்போட்ட வேலைகளுக்கே போய்விடும். மிச்சத்தை டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள். ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் ஏற்றுவது, கடைசிதான்.

காரணம் கியர்பாக்ஸ். இந்த 1.2 டிஎஸ்ஐ இன்ஜின் 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர். அதோடு வருவது டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் வகை. இதன் இரண்டு கிளட்சும் ஆயிலில் முங்காத டிரை கிளட்ச், சூடு தணிய காற்றை விட்டால் வேறு வழி இல்லை. மே மாதத்தில் கத்திபாராவில் ஊர்ந்து போகிற வண்டிக்கு அந்தக் காற்றும் கிடைக்காது.

அதனால் முதலில் கிளட்சைச் சோதியுங்கள். அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில் டி-யில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெதுவாக விடுங்கள். வண்டி நகர்ந்து ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுகிற நேரத்தில் சீட்டுக்கு அடியில் தடதடவென்று ஒரு நடுக்கம் வருகிறதா பாருங்கள். வந்தால், அப்படியே ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில் ஓடும். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்றில். இரண்டாவது கியரிலும் ரிவர்ஸிலும் ஒரே மாதிரி உதறினால் சந்தேகம் இரண்டாவது கிளட்ச் மேல் விழுகிறது. பிறகு விசிடிஎஸ் மாதிரி ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கியர்பாக்ஸ் மாட்யூலைப் படிக்கச் சொல்லுங்கள். கிளட்ச் அடாப்டேஷன் மதிப்புகளும் (தேய்மானத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டர் கற்றுவைத்த அளவுகள்), பழைய ஓவர்ஹீட் பதிவுகளும் அதில் இருக்கும். நடுக்கம் லேசாக இருந்தால் பேசிக் செட்டிங் செய்து அடாப்டேஷன் ஓட்டியதும் சில சமயம் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் கிளட்ச் பேக்கே மாற்ற வேண்டியிருக்கும்.

கியர் எழுத்து மீட்டரில் மின்னுவது, ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படை கியர்கள் மொத்தமாகக் காணாமல் போவது, இவை வேறு கதை. அது கியர்களையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டின் பிரச்சினை. உள்ளே பிரஷர் அக்யுமுலேட்டர் உட்காரும் இடத்தில் விரிசல் விழுந்து ஹைட்ராலிக் பிரஷர் இறங்குவது இதில் பேர்போன கோளாறு. முழு யூனிட் மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டும். ரிப்பேர் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எழுத்தில் வாரண்டி கேளுங்கள்.

ஓட்டும் பழக்கமும் முக்கியம். சிக்னலில் பிரேக்கை அரைகுறையாக மிதித்து இன்ச் இன்ச்சாக நகர்த்தாதீர்கள், அப்போதுதான் கிளட்ச் தேய்கிறது. அழுத்தி மிதித்தால் கிளட்ச் திறந்துவிடும். முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரேயடியாகப் போங்கள். பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை வைத்து வண்டியைத் தாங்கவே கூடாது.

இன்ஜினுக்கு வருவோம். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் டைமிங் கவர் பக்கம் நின்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வினாடி சங்கிலியைத் தகரத்தில் உரசுவது மாதிரி சத்தம் வந்து நின்றுவிட்டால் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், பிறகு அது இன்ஜின் செலவு. டர்போவின் பிரஷரைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் கம்பி துருப்பிடித்துச் சிக்கிக்கொள்வதும் இந்த இன்ஜினில் வழக்கம். மீட்டரில் இபிசி என்ற இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி இழுக்காமல் போனால் டர்போவே போய்விட்டது என்று சொல்பவரிடம், முதலில் அந்தக் கம்பி கையால் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் 5டபிள்யூ-40, டப்பாவில் விடபிள்யூ 502 00 என்று அச்சடித்திருக்க வேண்டும். நாலு லிட்டர் கேன் ஒன்று போதும். முழுவதையும் கொட்டாமல் டிப்ஸ்டிக் பார்த்து நிறுத்துங்கள். கம்பெனி சொல்கிற இடைவெளி 15,000. சென்னை டிராஃபிக்குக்கு 7,500-ஐத் தாண்டாதீர்கள், செயினும் டர்போவும் அந்த ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. பிரேக் ஃப்ளூயிட் டாட் 4, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. இந்த ஊர் ஈரப்பதத்தில் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் மூன்றையும் யோசிக்காமல் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கூலன்ட் டேங்கில் இளஞ்சிவப்பு நிறம் தெரிய வேண்டும். பழுப்பாக இருந்தால் யாரோ பச்சை கூலன்டையோ குழாய்த் தண்ணீரையோ கலந்திருக்கிறார்கள். முழுவதும் ஃபிளஷ் செய்து, டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதில் முன்னால் காற்றில் இல்லை, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிர்கிற வகை. அதற்குத் தனி எலக்ட்ரிக் பம்ப் உண்டு. அது செத்திருந்தால் இன்டேக் காற்றின் சூடு ஏறி, கம்ப்யூட்டர் தானாகவே பவரைக் குறைத்துவிடும். "மத்தியானம் வண்டி இழுக்க மாட்டேங்குது" என்கிற புகாரில் இதைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

வேளச்சேரி என்கிறீர்கள், வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டு வெள்ளத்துக்கும் இந்த வண்டி ஊரில் இருந்திருக்க வாய்ப்புண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் ரெயில் போல்ட்டில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல் இருந்தால் இந்த வண்டியில் பணம் போட்டு மாடிஃபை செய்யாதீர்கள்.

முதல் மாடிஃபிகேஷன் டயர். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம். ஐந்து ஆறு வருஷம் தாண்டியிருந்தால் கட்டை (டிரெட்) எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். 185/60 ஆர்15-க்குப் பதில் 195/55 ஆர்15 போட்டால் விட்டம் ஒரு சதவீத அளவுதான் குறையும், ஸ்பீடோமீட்டர் பெரிதாக மாறாது, திருப்பத்தில் வித்தியாசம் உடனே தெரியும். 17 இஞ்ச் வேண்டாம், மழைக்காலத்து ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்டில் ரிம் வளைந்துவிடும். கார் பாகங்கள் விற்கும் ஜிபி ரோட்டில் அலாய் வீல் பார்க்கும்போது 5x100 பிசிடி (போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவற்றின் வட்ட அளவும்), 57.1 மில்லிமீட்டர் நடுத்துளை என்று கேளுங்கள். துளை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் கட்டாயம், இல்லையென்றால் 80-க்கு மேல் ஸ்டியரிங் ஆடும். போல்ட் டார்க் 120 நியூட்டன் மீட்டர், ஏர் கன்னோடு விட்டுவிடாமல் டார்க் ரெஞ்ச் போடச் சொல்லுங்கள்.

லோயரிங், அதாவது வண்டியின் உயரத்தைக் குறைப்பது பற்றி என் கருத்து: வேண்டாம். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர் எதற்கும் அளவு கிடையாது. அந்தப் பணத்தில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுன்ட் மாற்றி அலைன்மென்ட் பாருங்கள். 72,000 ஓடிய வண்டி இறுக்கமாவது அதில்தான்.

திறந்த கோன் ஃபில்டர் இன்ஜின் சூட்டைத்தான் உறிஞ்சும். பம்பருக்குள் இறக்கி வைத்தால் மழைத் தண்ணீரை உறிஞ்சும், கனெக்டிங் ராட் வளையும். பழைய பெட்டிக்குள்ளேயே உட்காரும் பேனல் ஃபில்டர் போதும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவதும் சத்த எக்ஸாஸ்ட்டும் சட்டப்படி கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும் 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாற்றக் கூடாது என்கின்றன. அதே சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கிளெய்மையும் மறுக்கலாம். ரீமேப்புக்கும் இதே ஆபத்து உண்டு, தெரிந்தே முடிவெடுங்கள்.

அப்படியும் செய்வதென்றால், மேலே சொன்னதெல்லாம் முடிந்து 5,000 கிலோமீட்டர் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகு. டிக்யூ200 தாங்க வடிவமைத்தது 250 நியூட்டன் மீட்டர். 210-க்குள் நிற்கும் ரீமேப் ஃபைல் கேளுங்கள், 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கொட்டாத ஃபைலாக இருக்கட்டும். எந்த ஆக்டேனுக்கு எழுதியது என்று கேட்டு, அந்த பெட்ரோலையே எப்போதும் போடுங்கள். ஒரிஜினல் ஃபைலின் காப்பி உங்கள் கைக்கு வர வேண்டும். ஏற்றிய பிறகு டைனோவில் (வண்டியை உருளை மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் மெஷின்), மேனுவல் மோடில் ஒரே கியரில் 2,000-லிருந்து 6,000 வரை ஓடவிட்டு, இன்டேக் டெம்பரேச்சரையும் ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் ரிடார்டையும் (நாக்கிங்கைத் தவிர்க்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் அளவு) லாக் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றை விட அதிகமாகப் பின்வாங்கினால் அன்றே பழைய ஃபைலை ஏற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.