பிரஷர் மாத்திரை கொடுத்தால் போதுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மருத்துவர் நான். ரத்த அழுத்தம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், 'வேல்யூ பேஸ்டு கேர்' என்று வகுப்பில் நடத்தினார்கள். நம்ம ஊர் பிரஷர் நோயாளிக்கு அதனால் என்ன பிரயோஜனம்? (மாணவர், சேலம்)

நோயாளிக்குக் கிடைத்த பலனை, அதற்கு ஆன செலவோடு சேர்த்துப் பார்ப்பதுதான் அது. எத்தனை முகாம் போட்டோம், எத்தனை அட்டை மாத்திரை கொடுத்தோம் என்பதெல்லாம் நாம் செய்த வேலை. பலன் என்பது எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது என்பதுதான். தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த ஆய்வில், பிரஷர் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மருந்து இல்லாமலா? நான் பார்த்த நிலையங்களில் எல்லாம் இருந்தது! அடுத்த சுற்று ஆய்வில் இது 17 சதவீதமாக ஏறியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் நூற்றில் எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

வீட்டுக்கே மாத்திரை வருகிறது, ஆனால் 'எனக்கு நல்லாத்தானே இருக்கு' என்று அம்மா நிறுத்திவிடுகிறார். என்ன செய்வது டாக்டர்? (விழுப்புரம்)

என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு எத்தனை மாதம் பார்த்தாலும் 170-க்குக் கீழே இறங்கவே இல்லை. மருந்தைக் கூட்டலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி, வீட்டில் இருக்கும் மாத்திரையை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். மறுநாள் அஞ்சறைப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். கடுகுக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் பாதி பாதியாக ஒடித்த மாத்திரைகள். நூறு நாள் வேலைக்குப் போகும் நாளில் மருந்து வாங்க வரமுடியாது, அதனால் ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதத்துக்கு இழுத்திருக்கிறார். அன்றைக்கு நான் டோஸைக் கூட்டியிருந்தால் அதையும் பாதியாகத்தான் ஒடித்திருப்பார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. உங்கள் அம்மாவுக்குக் கூலி பிரச்சினை இல்லை, நம்பிக்கைதான் பிரச்சினை. மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலரை அளந்து பார்க்கச் சொல்லி, எண்ணைக் காலண்டரில் அம்மா கையாலேயே எழுத வையுங்கள். பிரஷருக்கு வலி கிடையாது. எண்ணைப் பார்த்தால்தான் அது இருப்பதே தெரியும்.

பிரஷருக்கு அம்லோடிபைன் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கால் வீங்குகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மருந்தில் இது வரக்கூடியதுதான். டாக்டரிடம் காட்டினால் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

தனியாரிடம் எழுதித் தரும் விலை உயர்ந்த மாத்திரைதான் நன்றாக வேலை செய்யும் என்கிறாரே என் மச்சான்? (மதுரை)

பெரும்பாலானவர்களுக்கு அம்லோடிபைன், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் ஆகிய மூன்றே போதும். மூன்றும் பழைய, மலிவான மருந்துகள். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டமே இவற்றைப் படிப்படியாகச் சேர்க்கும் முறையில்தான் நடக்கிறது. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டன் கூடாது, அதை மறக்காதீர்கள். மச்சானின் மாத்திரை அட்டையில் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

டொக்டர், அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் விடிய அஞ்சு மணிக்கே வெளிக்கிட வேணும். மருந்து இலவசம்தான், ஆனால் நாள் முழுக்கப் போயிடும். வேற வழி இல்லையா? (யாழ்ப்பாணம்)

அந்த ஒரு நாளும் சிகிச்சையின் செலவுதான். கணக்கில் மட்டும் யாரும் எழுதுவதில்லை. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலும் 30 கிராமப்புறப் பகுதிகளில் 2,645 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, முடிவு 2020-இல் வெளியானது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அளந்து, ஆலோசனை சொன்னார்கள். உங்கள் நாட்டில் இதைச் செய்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள். இரண்டு வருட முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, வீட்டில் வந்து பார்க்கப்பட்ட நோயாளிகளுக்கு மேல் எண் 5 புள்ளி அளவுக்குக் கூடுதலாக இறங்கியது. விரிவுபடுத்தினால் ஆளுக்கு வருடம் 11 டாலருக்குள் முடியும் என்று கணக்கிட்டார்கள். உங்கள் ஊரில் அது வரும் வரைக்கும், அப்பாவின் அளவு நிலையாக இருந்தால் ஒரே தடவையில் கூடுதல் நாட்களுக்கு மருந்து தர முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

நோயாளிகளுக்குக் கிடைத்த முடிவைப் பார்த்து நிலையங்களுக்குப் பணம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? (செவிலியர், திருச்சி)

பிரிட்டனில் 2004-இல் குடும்ப மருத்துவர்களுக்கு இப்படி ஒரு முறை தொடங்கியது. நம் மாநிலத்துக்கு உலக வங்கி 2019-இல் கொடுத்த கடனும் முடிவுகளோடு கட்டப்பட்டதுதான். எனக்கு இதில் ஒரு பயம் உண்டு: எண்ணைப் பார்த்துப் பணம் என்றால், சரியாக அளக்காமலே நல்ல எண்ணை எழுதிவிடுவார்கள். ஒரு நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டினேன். 130/80, 130/80, 130/80, பக்கம் முழுக்க அப்படியே. ஊரில் அத்தனை பேருக்கும் ஒரே அழுத்தமா? ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றி, வந்தவரை மூச்சு வாங்கக்கூட விடாமல் அளந்தால் சரியான எண் எங்கிருந்து வரும்? ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள், கால் தரையில் படட்டும், கை இதய மட்டத்தில் இருக்கட்டும், இரண்டு முறை அளந்து வந்ததை அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்று. வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த நிலையமும் நன்றாகத்தான் தெரியும். மூன்று மாதமாக வராதவரை 'கட்டுக்குள் இல்லை' என்ற பக்கத்தில் சேருங்கள். மாதம் பிறந்ததும் அந்தப் பெயர்களைத் தனியாக எழுதித் தன்னார்வலர் கையில் கொடுங்கள்.