வாசகர் கேள்வி பதில்: பதினொரு பேருக்கு ஆர்லாண்டோவில் எங்கே தங்குவது?

கேள்வி: வரும் மே மாதம் நாங்கள் 11 பேர் அமெரிக்காவின் ஆர்லாண்டோவுக்குச் சென்று, வால்ட் டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காக்களைப் பார்க்க 5 இரவுகள் தங்குவதாக இருக்கிறோம். நான், என் மனைவி, மகன், மருமகள், அவர்களுடைய 12 வயதுப் பையன், 7 வயதுப் பெண், டல்லஸில் வசிக்கும் மகள், மாப்பிள்ளை, அவர்களுடைய 4 வயதுப் பெண், 14 மாதக் கைக்குழந்தை, மாப்பிள்ளையின் தாயார் ஆகியோர் செல்கிறோம். என் மனைவிக்கு மூட்டுவலி உண்டு. சம்பந்தியம்மா வெளியில் சாப்பிட மாட்டார். பூங்கா வளாகத்துக்குள்ளேயே ஹோட்டல் எடுத்துவிடலாம் என்கிறான் மகன். பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் ஐந்து படுக்கையறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்கிறார் மாப்பிள்ளை. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், நங்கநல்லூர்

பதில்: மகன் வசதியை நினைக்கிறார், மாப்பிள்ளை செலவை நினைக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை உங்கள் மனைவியின் முழங்காலும் கைக்குழந்தையின் மதியத் தூக்கமும்தான். பெரிய குடும்பமாகப் போகும்போது, பிற்பகல் ஒரு மணிக்கு முதலில் களைத்துப்போகிறவர் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்து காலை நீட்டிப் படுக்க முடியும் என்பதை வைத்தே தங்குமிடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 2011இல் விரிவாக்கப்படுவதற்கு முன்பிருந்த சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நான்கு பெரிய பூங்காக்கள் அங்கே எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கும் என்பது புரியும்.

தலைக்கணக்கை முதலில் முடித்துக்கொள்வோம். கல்யாணத்துக்குப் போனால் நான்கு பேர் அறையில் இன்னும் இரண்டு பாய் விரித்து ஆறு பேர் படுத்துக்கொள்வது நமக்குப் பழக்கம். அங்கே அதற்கு வழியில்லை. டிஸ்னி ஹோட்டல்களின் சாதாரண அறையில் 4 பேர், சில ஹோட்டல்களில் 5 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 3 வயது நிரம்பாத குழந்தை தொட்டிலில் தூங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கில் சேராது, அதற்கு நுழைவுச்சீட்டும் தேவையில்லை. ஆகவே நீங்கள் 10 பேர். (12 வயதுப் பேரனுக்குப் பெரியவர்களுக்கான சீட்டுதான் எடுக்க வேண்டியிருக்கும், 10 வயதிலிருந்தே அப்படித்தான்.) 10 பேருக்குச் சாதாரண அறைகள் என்றால் மூன்று வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று கதவு வைத்த அறைகளாகத் தரும்படி கேட்கலாம் என்றாலும், கேட்டதாலேயே அவை கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. பாட்டி ஒரு தளத்திலும் பேரப்பிள்ளைகள் வேறொரு தளத்திலுமாகப் பிரிந்து தங்குவதற்கா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?

உங்களுக்குப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது, 2012இல் திறக்கப்பட்ட ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலின் குடும்பத் தொகுப்பறைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் 6 பேர் தங்கலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு குளியலறைகள், மைக்ரோவேவ் அடுப்பு, சிறிய குளிர்பதனப் பெட்டி ஆகியவை உண்டு. காலை ஏழு மணிக்கு இத்தனை பேர் குளித்துக் கிளம்ப வேண்டிய நிலையில், நான்கு குளியலறைகள் இருப்பதன் அருமையை முதல் நாளே உணர்வீர்கள். கட்டில் போதாவிட்டால் சோபாவிலாவது படுத்துக்கொள்ளலாம். குளியலறை போதாவிட்டால் என்ன செய்வது? டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களைப் பூங்கா திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே உள்ளே விடுகிறார்கள் என்பதால், சீக்கிரம் கிளம்ப முடிகிற குடும்பத்துக்குக் கூட்டமில்லாத அரை மணி நேரம் தினமும் கிடைக்கிறது. அந்த ஹோட்டலிலிருந்து ஸ்கைலைனர் என்ற, கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டியில் ஏறி எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆகிய பூங்காக்களுக்குப் போகலாம். மற்ற இரு பூங்காக்களுக்கும் பேருந்து இருக்கிறது. இடி மின்னல் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள்.

பணம் இன்னும் கொஞ்சம் செலவானாலும் பரவாயில்லை என்றால், டிஸ்னி வளாகத்திலேயே உள்ள வில்லாக்களைப் பாருங்கள். மூன்று படுக்கையறை வில்லாவில் 12 பேர் வரை தங்கலாம்; முழுச் சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ளேயே இருக்கும். நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமுக்கு நடந்தே போகக்கூடிய பே லேக் டவரில் இத்தகைய வில்லாக்கள் உண்டு. விலை மிக அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாப்பிள்ளை சொல்லும் வீட்டையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் 9 பேர் கிஸ்ஸிமியில் அப்படி ஒரு வீட்டில்தான் தங்கினோம். 12 பேர் தங்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தது; போய்ப் பார்த்தபோது அதில் நான்கு பேருக்கான இடம் கூடத்துச் சோபாக்கள்தான் என்று தெரிந்தது. முதல் நாள் இரவு ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்தவுடன் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி வீடே அதிரும்படி அலறியது. குழந்தைகள் விழித்து அழ, என் மைத்துனர் நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் விசிறினார். மறுநாள் முதல் அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டு, பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் தாளித்தோம். அந்தச் சமையலறையால் என் அத்தை ஐந்து நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டார் என்பதும் உண்மை.

எங்களைச் சிரமப்படுத்தியது போக்குவரத்துதான். காரில் மேஜிக் கிங்டமுக்குப் போகிறவர்கள் அதன் முன்னுள்ள ஏரிக்கு இந்தக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, மோனோரயிலிலோ படகிலோ ஏறித்தான் வாசலை அடைய வேண்டும். டிஸ்னி ஹோட்டல் பேருந்தோ வாசல் அருகிலேயே இறக்கிவிடுகிறது. மூட்டுவலி உள்ள ஒருவரை மதியம் வீட்டுக்கு அழைத்துச் செல்ல, இதே வழியில் திரும்பி, வெயிலில் நின்று சூடேறிய வண்டியில் ஏற்றி, நெரிசலில் ஓட்டிப் போக வேண்டும். மூன்றாம் நாள் என் அத்தை, “நான் வரலை, நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பூங்காவுக்கும் வரவில்லை. எனக்கு இன்றும் வருத்தம்தான். புளோரிடா சட்டப்படி 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்பதால், உங்கள் 4 வயதுப் பேத்தியையும் கைக்குழந்தையையும் ஒவ்வொரு முறையும் பட்டை போட்டு உட்கார வைக்க வேண்டியிருக்கும். பாதிச் செலவு என்ற கணக்கில் பெரிய வேன் வாடகை, பூங்கா வண்டி நிறுத்தக் கட்டணம், வீட்டைச் சுத்தம் செய்யும் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவின் சாப்பாட்டுக்கு மைக்ரோவேவே போதும். அதில் சாதம் நன்றாக வெந்துவிடும். தயிர்சாதமும் எலுமிச்சைசாதமும் பிளாஸ்டிக் டப்பாவில் பூங்காவுக்குள்ளேயே கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரமும், சூடாக்க வேண்டிய உணவும் மட்டும் கூடாது. இங்கிருந்து மின்சார ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட்தான்; நம் 230 வோல்ட் குக்கர் சரியாகச் சூடேறாது.

கேள்வி: கூட்டுக் குடும்பமாக 14 பேர் இருக்கிறோம். ஓர் இரவு தங்குவதற்குப் பெங்களூரு பிடதி வொண்டர்லாவா, சென்னை வொண்டர்லாவா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பிடதியில் பூங்காவை ஒட்டியே தங்கும் விடுதி இருப்பது பெரியவர்களுக்கு மிகவும் நல்லது. ஆனாலும் ஓர் இரவுக்காக 14 பேர் அவ்வளவு தூரம் போய்வருவது, இரண்டு நாளில் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழிப்பதாகிவிடும். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட சென்னைப் பூங்காவுக்கே போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கமாக ஒரு முழு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் எத்தனை குளியலறை என்றும், மொட்டைமாடியில் துணிக்கொடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நீர் விளையாட்டு முடிந்து திரும்பும்போது 14 பேரின் ஈரத்துணியும் உங்கள் கையில்தான் வந்து சேரும்.