ஆண் காலுக்கு ஹீல் பூட்ஸ்: உயரத்தைக் குறைக்கும் முன் சறுக்கலை நிறுத்துங்கள்

கேள்வி: அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க சேஃப்டி பூட்ஸ்தான். ஆனால் ஹீல் வைத்த நீள பூட்ஸ் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. ஈப்போவுக்குப் போகும்போதும் நண்பர்கள் விசேஷங்களுக்கும் போடுகிறேன். ஆன்லைனில் 43 சைஸில், 10 சென்டிமீட்டர் ஹீலில், பெண்களுக்கான ஜிப் பூட்ஸ் ஒன்று வாங்கினேன். அரை மணி நேரத்தில் முன்பாதம் எரிகிறது. விரல்கள் மடங்குகின்றன. பின்னால் குதிகால் கழன்று வருகிறது. ஜிப் கெண்டைக்காலில் பாதியில் நின்றுவிடுகிறது. முன்னால் ஜெல் பேட் வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. ஹீலை வெட்டிக் குறைக்கலாமா? இல்லை, இந்த ஆசையையே விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டியதே இல்லை, தம்பி. ஜிப் பிரச்சினையைத் தனியே வைத்துவிடுவோம். எரிச்சல், விரல் மடங்கல், குதிகால் கழல்வது, இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே. பூட்ஸுக்குள் உங்கள் கால் முன்னால் சறுக்கிப் போகிறது. ஹீல் உயரம் என்றாலே எல்லோரும் உயரத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். பழுது பார்க்க என் கைக்கு வரும் ஜோடிகளில் பெரும்பாலும் குற்றவாளி சறுக்கல்தான். குதிகாலைத் தூக்கி வைத்தால் பாதம் ஒரு சரிவில் நிற்கிறது. மேலே புறங்காலை இறுக்கிப் பிடிக்க ஒன்றுமில்லை என்றால், உடம்பு எடை முழுவதும் விரல்களைக் கூர்மையான முனைக்குள் தள்ளும். பெண்களுக்கும் இதே கதைதான். ஆண்களுக்கு எடையும் அகலமும் கூடுதல் என்பதால் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு சில நிமிடம் நடந்துவிட்டு நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் சுண்டுவிரலை விடுங்கள். விரல் தாராளமாக இறங்கினால், அந்த இடைவெளிதான் கால் சறுக்கிய தூரம். நீங்கள் வைத்த ஜெல் பேட் ஏன் மோசமாக்கியது என்பதும் இப்போது புரியும். ஏற்கெனவே நெருக்கமான முன்பக்கத்தில் அது இன்னும் இடத்தைத் தின்றுவிட்டது. முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்து புறங்காலைப் பிடிக்க வைக்க வேண்டும். லேஸ் பூட்ஸாக இருந்தால் நாக்கின் உட்புறம் 3 மில்லிமீட்டர் கம்பளித் துண்டு ஒட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். உங்களுடையது ஜிப் பூட்ஸ். நாக்கு கிடையாது. அதனால் பாதம் மடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, புறங்கால் உயர்ந்திருக்கும் இடத்துக்கு நேராக, உள் லைனிங்கில் அந்தத் துண்டை ஒட்ட வேண்டும். ஓரங்களைச் சீவி மெல்லிசாக்கி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஓரமே அறுக்கும். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் வைத்து நடந்து பாருங்கள். இடம் சரியென்று தெரிந்த பிறகு பசை. இதோடு குதிகால் பக்கம் மெல்லிய தோல் பட்டை ஒட்டினால் கழல்வது நிற்கும். ஆனால் வரிசை முக்கியம். புறங்காலைப் பிடிக்காமல் பின்னால் மட்டும் பட்டை ஒட்டினால், அதுவும் காலை முன்னால்தான் தள்ளும்.

இவ்வளவு செய்தும் எரிச்சல் மிச்சமிருந்தால் முன்பாதப் பேட் வைக்கலாம். கடையில் வாங்கும் பலர் அதை எரியும் இடத்துக்கு நேர் கீழே வைக்கிறார்கள். அது தவறு. சிறிய மேடு போன்ற அந்தப் பேட், விரல் மூட்டு எலும்புகளுக்குச் சற்றுப் பின்னால், பாதக்குழி தொடங்கும் இடத்தில் உட்கார வேண்டும். அங்கே வைத்தால் எடையில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும், மூட்டுகளுக்கு ஓய்வு கிடைக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எரியும் மூட்டுகளின் அடியில் லிப்ஸ்டிக்கோ சாக்பீஸோ தடவிக்கொண்டு, வெறுங்காலில் பூட்ஸைப் போட்டு நின்றுவிட்டுக் கழற்றுங்கள். இன்சோலில் அடையாளம் விழும். அந்த அடையாளத்தின் பின்விளிம்பை ஒட்டிப் பேட்டின் முன்விளிம்பு வர வேண்டும்.

இப்போது ஹீலை வெட்டும் கேள்வி. சுமார் 1 சென்டிமீட்டர் வரை வெட்டலாம். அதற்கு மேல் கை வைக்கச் சொல்லாதீர்கள். பூட்ஸின் நடுப்பகுதியில், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, ஷேங்க் என்ற எஃகுத் தகடு புதைந்திருக்கிறது. குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்கென்றே அதை வளைத்து வைத்திருப்பார்கள். ஹீலை நிறைய வெட்டினால் அந்த வளைவு மாறாது. முனை மட்டும் வானத்தைப் பார்க்கும், ஹீலின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படியாது, நடை பின்னுக்கு இழுக்கும். 10 சென்டிமீட்டரை 6 ஆக்க வேண்டும் என்று நினைத்தால் வேறு ஜோடி வாங்குவதுதான் வழி.

ஜிப் விஷயம் இதைவிட எளிது. கெண்டைக்கால் சுற்றளவில் 2, 3 சென்டிமீட்டர் குறைந்தால், ஜிப்புக்கு எதிர்ப்பக்கத் தையலைப் பிரித்து, மேலே அகலமாகவும் கீழே கூர்மையாகவும் ஒரு எலாஸ்டிக் துண்டைச் சேர்த்துத் தைக்கலாம். கருப்பு பூட்ஸில் கருப்பு எலாஸ்டிக் வெளியே தெரியாது. அதற்கும் மேல் குறைகிறது என்றால் பூட்ஸின் நீளக் குழாய்ப் பகுதியையே கணுக்காலுக்கு மேலே வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். எனக்கு இந்த இரண்டாவது வழி பிடிக்கும், நன்றாக அமைந்த கணுக்கால் பூட்ஸ் ஆணின் காலில் மிக அழகாக இருக்கும்.

அகலத்தை இழுத்து விரிப்பது தோலின் தரத்தைப் பொறுத்தது. அசல் தோல் என்றால் விரிக்கும் கட்டையை உள்ளே போட்டு, ஈரப்படுத்தி, ஓரிரு நாள் விட்டால் சில மில்லிமீட்டர் கொடுக்கும். சுண்டுவிரல் மூட்டுப் பக்கம் மட்டும் குமிழ் வைத்தும் விரிக்கலாம். நீளத்தை மட்டும் யாராலும் கூட்ட முடியாது. மலிவான பியூ (PU, பாலியூரித்தேன்) வகைச் செயற்கைத் தோல் விரிந்த மாதிரி காட்டிவிட்டு மறுநாள் பழையபடி சுருங்கிவிடும். உங்கள் பூட்ஸ் அந்த வகை என்றால் விரிப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்த ஜோடிக்கு வருவோம். அளவு எடுக்காமல் வாங்கவே கூடாது. வேலை முடிந்து மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தாளின் மேல் நின்று, பேனாவை நேர்க்குத்தாகப் பிடித்து வரையுங்கள். இரண்டு காலையும் வரையுங்கள், பெரிய கால்தான் கணக்கு. நீளம், பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை சுற்றளவு, புறங்கால் சுற்றளவு, இந்த மூன்றும் வேண்டும். நான்காவது கெண்டைக்கால். அதைத் தட்டையாக நின்று அளக்கக் கூடாது. நீங்கள் போடப்போகும் ஹீல் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, குதிகாலை அதன் மேல் வைத்து அளக்க வேண்டும். குதிகால் உயர்ந்ததும் சதை சுருங்கிப் புடைக்கும். ஜிப் பாதியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியே அந்தப் புத்தகங்களின் மேல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். முழங்கால் தானாக மடங்கி, இடுப்பு முன்னால் தள்ளினால், அந்த உயரம் உங்கள் கணுக்காலுக்கு அதிகம். ஒரு புத்தகத்தை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டையான சேஃப்டி பூட்ஸில் நிற்பவருக்குப் பின்தசை நார் இந்தச் சரிவுக்குப் பழகியிருக்காது. 5 சென்டிமீட்டரில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

உயரமாகவும் தெரிய வேண்டும், சரிவும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் முன்பக்கம் பிளாட்ஃபார்ம் வைத்ததைப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் ஹீலில் முன்னால் 3 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் கால் உணரும் சரிவு 7தான். ஆனால் தடித்த சோல் மடங்காது, கணுக்கால் பிசகினால் விழுவதும் உயரத்திலிருந்துதான். அதனால் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் ஏறி இறங்கிப் பழகிய பிறகே வெளியே போங்கள்.

சைஸ் எண்களில் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய எண்ணில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. பிரிட்டிஷ் எண்ணில் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பாதம் 27 சென்டிமீட்டர் என்றால், விரலுக்கு முன்னால் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் சேர்த்து ஏறக்குறைய 43 வரும். பிரிட்டிஷ் எண் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்க எண்ணில் மட்டும் பெண்கள் சைஸ் ஒன்றரை கூடுதலாக வரும். ஆண்கள் 9 என்றால் பெண்கள் பத்தரை. அதைவிட முக்கியம், ஒரே நீளத்தில் பெண்கள் அச்சுக்கட்டை, அதாவது பூட்ஸைத் தைக்க அச்சாக வைக்கும் கால் வடிவக் கட்டை, முன்பாதத்திலும் குதிகாலிலும் ஒடுக்கமானது. அகலத்துக்காக ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமே என்று தோன்றும். வாங்கினால் பூட்ஸ் மடங்கும் இடமும் உங்கள் கால் மடங்கும் இடமும் பொருந்தாது, சறுக்கலும் கூடும். நீளம் சரியாக, அகலம் கூடுதலாக உள்ளதைத் தேடுங்கள். ஆன்லைனில் 'அகலம்' என்று தனியாகக் குறிப்பிடுகிறவர்களிடம் வாங்குங்கள். உள் நீளத்தைச் சென்டிமீட்டரில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

ஆண்கள் அச்சிலேயே ஹீல் வைத்துச் செய்யும் பூட்ஸும் இருக்கின்றன. கௌபாய் பூட்ஸ், கியூபன் ஹீல் பூட்ஸ், ஃபிளமெங்கோ ஆண்கள் பூட்ஸ் எல்லாம் 4, 5 சென்டிமீட்டர் அளவில் வரும். அகலமும் எடையும் கணக்கில் எடுத்தே செய்தவை. 'ஆம்பளைக்கு எதற்கு ஹீல்' என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: குதிகால் உயர்ந்த காலணியை முதலில் அணிந்தவர்களில் பாரசீகக் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். அங்கவடியில் கால் நழுவாமல் ஊன்ற அது உதவியது. பிரான்ஸின் 14ஆம் லூயி மன்னர் சிவப்பு ஹீலோடு நிற்கும் 1701ஆம் ஆண்டு ஓவியம் உலகப் புகழ்பெற்றது.

கையால் செய்து வாங்குவதானால் நம் மலேசியாவில் அந்தத் தொழிலுக்கு வேர் உண்டு. உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ 1948இல் பினாங்கில் பிறந்தவர், தொழிலைச் சப்பாத்து தைக்கும் தன் அப்பாவிடம்தான் கற்றார். ஈப்போவிலோ பினாங்கிலோ கைவேலைக்காரரைப் பார்த்தால், நீங்கள் வரைந்த தாளையும் பிடித்த படத்தையும் கொண்டு போங்கள். 'யாருக்கு?' என்று கேட்பார். 'எனக்குத்தான்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தங்கைக்கு என்று மழுப்பினால் அவர் பெண்கள் கட்டையை எடுப்பார், உங்கள் எடைக்கு ஏற்ற ஷேங்கும் போடமாட்டார். நஷ்டம் உங்களுக்கு. நல்ல கைவேலைக்காரருக்குக் காலின் அளவுதான் முக்கியம்.

எதை வாங்கினாலும் கையில் எடுத்து இரண்டு சோதனை செய்யுங்கள். முனையையும் ஹீலையும் பிடித்து மடக்குங்கள். முன்பாதத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் ஷேங்க் பலவீனம். பிறகு மேசையில் வைத்து, உள்ளே குதிகால் இருக்கும் இடத்தைக் கையால் அழுத்துங்கள். ஹீல் பக்கவாட்டில் ஆடினாலோ பின்னால் வளைந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஊசி ஹீலைவிடக் கட்டை ஹீல் நல்லது. அடிப்பாகம் இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். நம் ஊர் மழைக்கு ஹீல் முனையில் ரப்பர் துண்டும், முன்சோலில் மெல்லிய ரப்பரும் ஒட்டச் சொல்லுங்கள். வழுவழுப்பான நைலான் முனை ஈர டைல்ஸில் கால் வாரிவிடும்.

போடாமல் அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். பியூ சோல் நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள் இற்றுப்போகும். பெட்டியில் புதுசு போலவே இருக்கும், எடுத்துப் போட்டதும் கேக் மாதிரி உதிரும். ரப்பர் சோல் அல்லது டிபியூ (TPU, இன்னொரு வகைப் பாலியூரித்தேன்) சோலுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூசணம் பிடித்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். துடைத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள்.

கப்சாய் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹீல் வேண்டாம். கியர் பெடலில் மாட்டும். தோட்டத்துச் செம்மண் சரளைப் பாதையிலும் வேண்டாம், ஹீலின் தோல் ஒரே நாளில் கிழிந்துபோகும். பையில் எடுத்துப் போய் இறங்கிய இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்கால் தசையை இழுத்து விடுங்கள்.

கடைசியாக ஒன்று. பூட்ஸைக் கழற்றிய பிறகும் விரல் மரத்தே இருந்தால், அல்லது மூன்றாவது நான்காவது விரலுக்கு நடுவே மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று இழுத்தால், அது பேட் வைத்துத் தீரும் விஷயமல்ல. நரம்பு நெரிபடுகிறது. மருத்துவரைப் பாருங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் இறுக்கமான பூட்ஸ் போடும் முன்பே அவரிடம் காலைக் காட்டிவிடுங்கள், ஒவ்வொரு முறை கழற்றியதும் பாதத்தின் அடியில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள்.