ஆத்தா சின்னாத்தா ஆன நாள்

கேள்வி: எனக்கு 52 வயது. தேவகோட்டையில் பிறந்தவன். ஏழு வயதில் காரைக்குடியிலிருக்கும் பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டில் என்னைப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள், அதாவது சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். மாலை போட்டார்கள், விருந்து வைத்தார்கள். அன்றிலிருந்து பெற்ற ஆத்தாவைச் 'சின்னாத்தா' என்று கூப்பிடச் சொன்னார்கள். மூன்று நாள் அழுதேனாம், அப்புறம் சரியாகிவிட்டேனாம். சோறு, படிப்பு, சொத்து எதிலும் குறையில்லை. பெற்றவருக்கு இப்போது 78 வயது. விசேஷங்களில் பார்த்துக்கொள்வதோடு சரி. ஆனால் இன்றும் வீட்டில் யாராவது பெட்டியில் துணி அடுக்கினால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மகளுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி இடம் கிடைத்திருக்கிறது. விடுதிக்கு அனுப்ப மாட்டேன் என்று இரண்டு வாரமாகச் சண்டை. சின்ன வயதில் நடந்தது ஒரு மனுஷனை ஆயுசு முழுக்கவா துரத்தும்?

பதில்: அழுதேனாம், சரியாகிவிட்டேனாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்த அழுகையைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1950-களில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனைகளில் தாயைப் பிரிந்து கிடந்த குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். பெற்றோர் வந்து பார்க்கவே கட்டுப்பாடு இருந்த காலம் அது. பிள்ளைகள் முதலில் கத்தி அழுதார்கள். பிறகு ஓய்ந்து சுருண்டார்கள். அப்புறம் சாப்பிட்டார்கள், விளையாடினார்கள், நர்சுகளைப் பார்த்துச் சிரித்தார்கள். பழகிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அம்மா வந்து நின்றபோது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. உள்ளுக்குள் விலகிவிட்டதைத்தான் பழக்கம் என்று நினைத்துவிட்டார்கள் என்றார் ராபர்ட்சன். அவர் பார்த்தவர்கள் உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள். இருந்தாலும் உங்கள் நாலாம் நாளை நினைத்தால் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

பிள்ளை கூட்டுவதை நான் குறை சொல்லவில்லை. உங்களை ஆசையாகத்தான் வளர்த்திருப்பார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டமும் சுவீகாரம் போன நாளோடு பிறந்த வீட்டு உறவு அறுந்ததாகவே கொள்கிறது. ஏழு வயதுக்குச் சட்டம் புரியுமா? ஆத்தா இருக்கிறாள், ஆனால் ஆத்தா என்று கூப்பிடக் கூடாது. அதுதான் அந்தப் பையனுக்குப் புரிந்தது. அவர் செத்துப்போயிருந்தால் ஊரே கூடி உங்களை அழவிட்டிருக்கும். மாலை போட்டு விருந்து வைத்த வீட்டில் எங்கே போய் அழுவது?

நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கு இது புதிதுமில்லை. மீசை முளைக்காத பையன்களைக் கப்பலேற்றி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் பெட்டியடிப் பையன்களாக, அதாவது வட்டிக்கடை எடுபிடிகளாக, அனுப்பினோம். ஒரு கணக்கு, அதாவது ஒரு வேலைத் தவணை, என்றால் மூன்று வருஷம். அவர்கள் எழுதிய வட்டிக் கணக்கெல்லாம் பேரேட்டில் ஏறியது. ராத்திரி கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் எவன் ஆத்தாவை நினைத்துத் தூங்காமல் கிடந்தான் என்பது எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. (அப்படி வளர்ந்ததால்தான் ஆளானோம் என்று எனக்குக் கடிதம் எழுத உட்காரும் பெரியவர்களே, ஆளானதை நான் மறுக்கவில்லை.)

ஆயுசு முழுக்கவா என்று கேட்டீர்கள். தடம் இருக்கும். ஆனால் அதையே தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹவாயில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பத் தகராறு என்று பல சுமைகளை ஒன்றாகச் சுமந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். பாட்டியோ, வாத்தியாரோ, யாரோ ஒருவர் அவர்களுக்குப் பிடிமானமாக இருந்திருக்கிறார். பதின்ம வயதில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். உங்களுக்கு அப்படி யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிட உங்களுக்கு நெருக்கமான ஒன்று உண்டு. அமெரிக்காவில் மேரி மெயின் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1980-களில் பெற்றோர்களிடம் அவர்களுடைய சிறுவயதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். என்ன நடந்தது என்பதைவிட, அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவரவர் பிள்ளைகளின் ஒட்டுதலோடு கூடுதலாகப் பொருந்திவந்தது. கஷ்டப்பட்டவர்களாக இருந்தாலும், பூசி மெழுகாமல் கோவையாகச் சொல்ல முடிந்தவர்களிடம் பிள்ளைகள் நிம்மதியாக ஒட்டியிருந்தார்கள். 'எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு' என்று முடித்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் தள்ளியே நின்றார்கள். உங்கள் 'எதிலும் குறையில்லை' எனக்கு உறுத்தியது இதனால்தான்.

ஆகவே மகளிடம் விடுதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த ஏழு வயதுப் பையனைப் பற்றிப் பேசுங்கள். அப்பா ஏன் பெட்டியைக் கண்டால் எரிந்து விழுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் சண்டை பாதியாகும். அவள் தீபாவளிக்கு வீட்டுக்குத்தான் வரப்போகிறாள். வந்து உங்களை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

தேவகோட்டைக்கும் ஒருநாள் போய்வாருங்கள். விசேஷ நாளாக வேண்டாம், கூட்டம் இருக்கும். "நான் போனப்புறம் அன்னிக்கு வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். நியாயம் கேட்கும் குரலில் கேட்காதீர்கள். அவரும் அழ இடமில்லாமல் இருந்திருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வாசலில் தயங்குவீர்கள். வாயில் எது வருகிறதோ அப்படியே கூப்பிடுங்கள்.

பேசிய பிறகு தூக்கம் கெட்டால், பதற்றம் கூடினால், 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று எழுதவில்லை. இந்தச் சண்டையில் அதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.