அரசியலுக்கு வர நினைக்கும் மாணவர் படிக்க டெல்லி இந்துக் கல்லூரியா, அசோகா பல்கலைக்கழகமா?

கேள்வி கேட்டவர் மதுரைப் பக்கம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு எழுதி, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இந்துக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு இடம் வாங்கியிருக்கிறார். ஹரியானாவின் சோனிபத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகமான அசோகாவும் பாதிக் கட்டணச் சலுகையோடு கூப்பிட்டிருக்கிறது. பின்னாளில் நேரடி அரசியலுக்கு வர ஆசை, எதை எடுக்கலாம் என்கிறார்.

நான் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகக் கல்லூரி ஒன்றில் படித்தவன். என் சித்தி மகள் அசோகாவில் படித்தாள். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும் என்ற தைரியத்தில் சொல்கிறேன்: இந்துக் கல்லூரிக்குப் போங்கள். முக்கியக் காரணம் பணம்.

அசோகாவில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். பாதி கழிந்தாலும் மூன்று ஆண்டுக்குக் குறைந்தது 15 லட்சம் வீட்டிலிருந்து போகும். அப்பா அதைச் சிரமமில்லாமல் கட்டிவிடுவார் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். கல்விக் கடன்தான் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லட்சம், பத்து சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்றால் மாதம் 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அரசியலில் நுழைகிறவர்கள் முதல் சில வருடங்கள் செய்யும் வேலைக்குச் சம்பளம் சொற்பம், அல்லது கிடையவே கிடையாது. நாடாளுமன்ற, சட்டமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். என்ற நிறுவனம் நடத்தும் லேம்ப் பயிற்சித் திட்டத்தில் இளம் பட்டதாரிகள் ஓர் எம்.பி.க்கு உதவியாளராக வேலை பார்க்கலாம். கேள்வி தயாரிப்பது, மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதுவது என்று நாடாளுமன்றம் ஓடும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க அருமையான வழி. ஆனால் அதில் தரும் தொகையில் தவணையும் கட்டி டெல்லியில் வாடகையும் கொடுப்பது நடக்காது. கடன் இருந்தால் அந்த விண்ணப்பத்தைத் தொடவே மாட்டீர்கள், குருகிராமில் ஏதாவது ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்துவிடுவீர்கள். அதில் தப்பில்லை, நீங்கள் கேட்டது அரசியல் என்பதால் சொல்கிறேன்.

சரி, படிப்பு. இதில் அசோகா ஒரு படி மேலே என்றுதான் சொல்வேன். முதலில் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள், அப்புறம்தான் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது. வகுப்பு சிறியது. எழுதிக் கொடுத்த கட்டுரை வரிக்கு வரி திருத்தத்தோடு திரும்பி வரும். அங்குள்ள திரிவேதி அரசியல் தரவு மையம் மக்களவை, சட்டமன்றத் தேர்தல் முடிவுகளைத் தொகுதி வாரியாகத் திரட்டி ‘லோக் டாபா’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் சித்தி மகள் மடிக்கணினியை விரித்து, மூக்கையாத் தேவர் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்திலிருந்து உசிலம்பட்டியில் பார்வர்டு பிளாக் கட்சிக்கு விழுந்த வாக்குகளை வரிசையாக எடுத்துக் காட்டினாள். சிங்கம் சின்னத்துக்கு எந்தத் தேர்தலில் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்பதைத் தாத்தாவிடம்தான் கேட்டாள். அவர் ஒரு மணி நேரம் பேசினார். அவள் ஆய்வுக் கட்டுரையில் உருப்படியான பகுதி அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் என்பது என் வாதம், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்தத் தரவை நீங்கள் இந்துக் கல்லூரி விடுதியில் உட்கார்ந்தும் இறக்கிக்கொள்ளலாம். அதை வைத்து என்ன கேட்பது என்று சொல்லிக் கொடுக்கும் ஆள்தான் அசோகாவில் அருகில் இருப்பார்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கிடைப்பது வேறு பாடம். டூசு என்கிற மாணவர் சங்கத் தேர்தலை ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுத்த லிங்டோ குழு சொன்னபடி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. வளாகத்தைச் சுற்றி வரும் கார் வரிசையைப் பார்த்தால் டீசலுக்கே அது காணாது. சாலை முழுக்கத் துண்டுச் சீட்டு. சுவரொட்டியில் பெயரை ஓரெழுத்து மாற்றிப் போடுவார்கள், பிடித்தால் ‘அது நான் இல்லை’ என்பதற்கு. 2024 செப்டம்பரில் வாக்குப்பதிவு முடிந்தும், சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்து, முடிவு நவம்பரில்தான் வந்தது. அசிங்கம்தான். ஆனால் அதற்கு நடுவே, சேர்க்கை நேரத்து வெயிலில் மேசை போட்டு உட்கார்ந்து, புதிதாக வருகிறவனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, அறை பார்த்துக் கொடுத்து, அவன் தொலைபேசி எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளும் சீனியரையும் பார்ப்பீர்கள். வாக்கு அங்கேதான் சேருகிறது. 1974இல் இந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் பின்னாளில் மத்திய நிதியமைச்சரான அருண் ஜெட்லி. 1996இல் தலைவரான ரேகா குப்தா 2025 பிப்ரவரியில் டெல்லி முதல்வரானார். இந்துக் கல்லூரிக்குள்ளேயே மாணவர் நாடாளுமன்றம் ஒன்றும் உண்டு. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் என்று எல்லாப் பதவியும் அதில் இருக்கிறது.

கருத்துச் சுதந்திரம் எங்கே அதிகம் என்று யாராவது உங்களிடம் ஒரு பக்கமாக அடித்துப் பேசினால் நம்பாதீர்கள். அசோகாவில் அரசை விமர்சித்து எழுதிவந்த பிரதாப் பானு மேத்தா 2021 மார்ச்சில் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார், அதைக் கண்டித்து அங்கே பேராசிரியராக இருந்த பொருளாதார அறிஞர் அரவிந்த் சுப்பிரமணியனும் விலகினார். 2019 மக்களவைத் தேர்தல் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை சர்ச்சையானதும் 2023இல் பொருளாதார ஆசிரியர் சப்யசாசி தாஸ் விலகினார். 2025 மே மாதம் அரசியல் அறிவியல் துறைத் தலைவர் அலி கான் மஹ்மூதாபாத் சமூக ஊடகப் பதிவுக்காகக் கைதாகி, உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலப் பிணை பெற்றார். இந்தப் பக்கம், டெல்லிப் பல்கலைக்கழகம் 2021இல் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் கதையோடு நம்ம தமிழ் எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி எழுத்துகளையும் தூக்கியது. 2017இல் அதன் ராம்ஜாஸ் கல்லூரியில் நடக்கவிருந்த கருத்தரங்கு அடிதடியில் முடிந்தது. ஆக, இதை வைத்து முடிவெடுக்க முடியாது.

இன்னொன்று. டூசுவில் ஜெயிப்பது டெல்லி, ஹரியானா அரசியலுக்கு ஏணி. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ அதற்கு மதிப்பில்லை. தமிழ்நாட்டில்தான் அரசியல் செய்வேன் என்றால் ஒவ்வொரு விடுமுறையிலும் ஊருக்கு வந்து உள்ளாட்சி வேலைகளில் கூடமாட நில்லுங்கள், வார்டில் பத்துப் பேருக்காவது உங்கள் முகம் தெரிய வேண்டும். இந்த விஷயத்தில் இரண்டு பல்கலைக்கழகமும் உங்களுக்கு உதவாது.

கடைசி நாளுக்கு முன் அசோகாவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வீட்டு வருமானத்தை விளக்கிச் சலுகையைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். முழுச் சலுகை கிடைத்தால் என் பதில் மாறும், யோசிக்காமல் அங்கே போங்கள். டெல்லிதான் என்றால் இப்போதிருந்தே பேச்சு இந்தி பழகுங்கள். வகுப்பை ஆங்கிலத்தில் சமாளிக்கலாம், சங்க வேலை முழுக்க இந்தியில்தான். விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் கமலா நகர், விஜய் நகர் பக்கம் பி.ஜி. எனப்படும் கட்டண விருந்தினர் அறைகள் நிறைய உண்டு, நேரில் பார்க்காமல் எதற்கும் முன்பணம் அனுப்ப வேண்டாம்.