தைப்பூசச் சோறும் நுரைத்த சாணமும்

கேள்வி: நிபோங் திபால் பக்கம் நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். தைப்பூசம் முடிந்ததும் பினாங்குத் தீவில் தண்ணீர்ப் பந்தல்களில் மீந்த சோற்றை என் மகன் இரண்டு அண்டா நிறைய ஏற்றி வந்தான். வீணாக்க மனமில்லாமல் மாடுகளுக்கு வைத்தோம். மறுநாளிலிருந்து இரண்டு மாடுகளுக்குச் சாணம் தண்ணீராக, நுரையோடு போகிறது. பாலும் குறைந்துவிட்டது. கழிச்சலை நிறுத்த என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: அம்மா, கழிச்சலை நிறுத்தும் மருந்து இப்போது வேண்டாம். சோற்றை நிறுத்துங்கள். அண்டாவின் அடியில் மிச்சம் இருந்தாலும் ஒரு பிடிகூட வைக்காதீர்கள்.

மாட்டின் முதல் வயிறு புல்லுக்காக அமைந்தது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரை நிதானமாகப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. வெந்த சோறு மொத்தமாக இறங்கினால் சில மணி நேரத்திலேயே புளித்து லாக்டிக் அமிலம் பெருகிவிடும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பில் மடிந்துபோகும். அமிலம் உடம்பின் நீரை வயிற்றுக்குள் இழுப்பதால்தான் சாணம் தண்ணீராகிறது. முதல் வயிற்றில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய் அங்கே மறுபடி புளிக்கிறது. நீங்கள் பார்க்கும் நுரை அந்த வாயுதான்.

சாணத்தை எட்ட நின்று பார்த்தால் போதாது. நல்ல சாணம் விழும்போது தட்டென்று சத்தம் கேட்கும். கெட்டியான கூழ் பதத்தில், இரண்டு விரல் உயரத்துக்கு அடுக்காக நின்று, நடுவில் சிறு குழி விழும். ஒரு கைப்பிடி எடுத்து, அரிசி களையும் பழைய வடிதட்டில் போட்டு, குழாய்த் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தங்குவது பொடிப்பொடியான நாராக இருந்தால் வயிறு நன்றாக வேலை செய்கிறது. முழுச் சோற்றுப் பருக்கையும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்ட நாரும் கிடந்தால், மாடு சரியாக அசை போடவில்லை. சவ்வு போன்ற வழவழப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் குடலின் உள்தோல் புண்பட்டிருக்கிறது. மூக்கையும் நம்புங்கள்: இந்தக் கோளாறில் சாணம் புளித்த மாவு போல நாறும்.

இரண்டு மாடுகளும் எழுந்து நின்று நடமாடினால், வைக்கோலும் காய்ந்த புல்லும் மட்டும் வையுங்கள். உங்கள் ஊர் இருக்கும் செபராங் பிறையில் நெல் வயல்கள் இருப்பதால் வைக்கோலுக்குப் பஞ்சமிருக்காது. செம்பனைப் புண்ணாக்கையும் தவிட்டையும் சாணம் கெட்டியாகும்வரை தள்ளி வையுங்கள். சமையல் சோடா 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து மெதுவாகப் புகட்டலாம். தலையை அண்ணாந்து பிடிக்க வேண்டாம். தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விட்டால் மாட்டைக் காப்பாற்றுவது கடினம்.

இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் வையுங்கள். ஆரோக்கியமான மாட்டில் வயிறு இரண்டு மூன்று தடவை கையை மேலே தள்ளும். அது அசையவே இல்லையென்றாலோ, கண் குழிவிழுந்து மாடு தள்ளாடினாலோ, படுத்தது எழவில்லையென்றாலோ, கை வைத்தியத்தோடு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அழைத்து, "நேற்று இவ்வளவு சோறு தின்றது" என்று முதலில் சொல்லுங்கள். மாடு படுத்துவிட்டால் வாய் வழியாக எதையும் புகட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் மகனிடம் கேளுங்கள்: சோற்றோடு பிளாஸ்டிக் பைகளும் வந்தனவா? அதைத் தின்ற மாட்டுக்குச் சாணம் சுருங்கி, சில சமயம் வராமலேயே நின்று, வயிறு உப்பும். தண்ணீராகப் போகும் சாணத்தைவிட வராத சாணத்துக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

சாணம் கறுத்துத் தார் போல வந்தால் இரைப்பைப் பக்கம் இரத்தக் கசிவு. சிவப்பாக வந்தால் குடலின் கீழ்ப்பகுதியில். இரண்டுக்கும் மருத்துவர் வர வேண்டும். கன்றுக்குட்டிகளுக்குச் சோறு போகவில்லை என்று நம்புகிறேன். போயிருந்தால் அவற்றைத்தான் முதலில் பாருங்கள்; கன்றின் உடம்பில் நீர் மிக வேகமாக வற்றிவிடும்.

சோறு விஷமில்லை, அம்மா. இனி மீந்த சோறு கிடைத்தால், வயிறு நிறையப் புல் தின்ற பிறகு, ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு வாரமாவது பழக்கிய பிறகே அளவைக் கூட்டுங்கள். சாணம் தேறிய பிறகும் சில வாரங்களுக்கு இந்த இரண்டு மாடுகளின் நடையைக் கவனியுங்கள். அமிலத்தின் கேடு குளம்பில் பிந்தித்தான் தெரியும். கொட்டகையின் சிமெண்டுத் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்தாலோ, நொண்டினாலோ, மறுபடியும் எழுதுங்கள்.