கந்தோர்க் கதிரையில் மூன்று மூச்சு: கேள்வி பதில்

கொழும்பு கோட்டையில் ஒரு கந்தோரில் 28 வருடம் கணக்கெழுதினேன். தியானம் பழகியதும் அந்த மேசையில்தான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: ஐயா, தெகிவளையிலிருந்து கோட்டைக்குத் தினமும் ரயிலில் நின்றுகொண்டே வருகிறேன். தியானத்துக்கு நேரமே இல்லை.

பதில்: அந்த ரயிலே போதும் தம்பி. வெள்ளவத்தையில் போனைப் பைக்குள் போடுங்கள், கொள்ளுப்பிட்டி வரை எடுக்காதீர்கள். கம்பியைப் பிடித்த கையின் இறுக்கம், பாதத்தில் ஏறும் அதிர்வு, இடப்பக்கக் கடலின் உப்புக்காற்று, இவற்றைக் கவனியுங்கள். பம்பலப்பிட்டி வருவதற்குள் மனம் நேற்றைய சண்டைக்குப் போயிருக்கும். போனது தெரிந்ததும் மறுபடி கைக்கு வாருங்கள். நூறு தரம் போனால் நூறு தரம் வரவேண்டியதுதான். பயிற்சி என்பதே அந்தத் திரும்பி வருதல்தான்.

கேள்வி: திருமந்திரம் பாடிய திருமூலரின் கணக்கில், 16 மாத்திரை மூச்சை இழுத்து, 64 அடக்கி, 32 வெளிவிடும் பயிற்சியை மேசையிலேயே செய்யலாமா?

பதில்: வேண்டாம். 64 மாத்திரை (மாத்திரை என்பது கைநொடிக்கும் நேரம்) கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, குருவின் பக்கத்தில் இருந்து பழகுவது. பிரஷர் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. மெயில் அனுப்புமுன் மூன்று மூச்சு, வெளிவிடுவது மட்டும் சற்று நீளமாக. கோபத்தில் எழுதிய மெயில் என்றால் பத்து. (ஒருமுறை மூன்றோடு நிறுத்தி அனுப்பிவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்க மூன்று மெயில் எழுதினேன்.)

கேள்வி: நான் முஸ்லிம். இதெல்லாம் நமக்கு ஆகாது என்கிறார் உம்மா.

பதில்: லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன் உளூ செய்து கை கால் கழுவுகிறீர்களே, முழங்கை வரை தண்ணீர் ஓடுவதை அவசரப்படாமல் உணருங்கள். உம்மா மறுக்கமாட்டார். கம்பனிகளில் இன்று நடக்கும் மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியைக் கவனிக்கும் தியானம்) வகுப்புகள் பலவும், 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்சில் ஜோன் கபட்-சின் தொடங்கிய 8 வாரப் பயிற்சியின் வழி வந்தவை. வேர் பௌத்தம் என்றாலும் மதச் சடங்கு எதையும் அவர் அதில் சேர்க்கவில்லை.

கேள்வி: மனேஜர் இரவு 9 மணிக்கும் வேலை அனுப்புகிறார். கேட்டால், ‘தியானம் செய்யுங்கள், டென்ஷன் குறையும்’ என்கிறார்.

பதில்: இதற்குத் தியானம் மருந்தில்லை தங்கச்சி. வேலை நேரம் என்னவென்று எழுத்தில் கேளுங்கள். யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி மனதை அடக்கச் சொன்ன ‘சும்மா இரு’ என்பதை ‘வாயை மூடு’ என்று சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். அவரும் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியம் பார்த்தவர்தான். சம்பள வேலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: மேசையில் ஊதுபத்தி கொளுத்தலாமா?

பதில்: நான் கொளுத்தினேன். தீ அலாரம் அடித்து, ஏழு மாடிச் சனமும் பிளேன்டீக் கோப்பையோடு வீதியில் நின்றது.